பள்ளத்தாக்கைத் தாண்டி வரும் இரைச்சல்

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையில், மாசி மாதத்து இரவு ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி பொதுத்தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள். மணி பத்தரை. பள்ளத்தாக்குக்கு எதிர்ச்சரிவில் ஒரு வீட்டில் காதுகுத்து விழா. மரத்தின் மேல் கட்டியிருக்கும் கூம்பு ஒலிபெருக்கி ஓயாமல் பாடிக்கொண்டிருக்கிறது. அந்த வீடு நேர்கோட்டில் ஒரு கிலோமீட்டர் தொலைவில்தான் இருக்கிறது. ஆனால் இறங்கி ஏறி நடந்து போக ஒரு மணி நேரம் ஆகும். அவ்வளவு தள்ளியிருந்தும் பாட்டின் சொற்கள்கூடத் தெளிவாகக் காதில் விழுகின்றன. அவளுக்குக் கணக்கு ஓடவில்லை. காய்ச்சலோடு படுத்திருக்கும் பாட்டிக்கும் தூக்கம் வரவில்லை.

"பகலெல்லாம் இதே ஒலிபெருக்கிதானே பாடியது? அப்போது இவ்வளவு கேட்கவில்லையே, ஏன்?" என்று அவள் தன்னையே கேட்டுக்கொள்கிறாள்.

இது நல்ல கேள்வி. இதற்கு விடை கண்டால், இரைச்சலைக் குறைக்கும் வழியும் தெரிந்துவிடும். எதிர்வீட்டார் பகைவர்கள் அல்லர். நாளை மிளகு பறிக்க ஆள் வேண்டுமென்றால் அவர்கள்தாம் உதவிக்கு வரவேண்டும். ஆகவே சண்டையும் வரக்கூடாது; சத்தமும் குறைய வேண்டும். இதற்கு அறிவியல் எப்படித் துணை செய்கிறது என்று காண்போம்.

ஒலி எப்போது இரைச்சல் ஆகிறது?

காரவள்ளி அடிவாரத்திலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. வளைவில் பேருந்து ஓட்டுநர் ஒலிப்பான் அடிக்கிறார். அது எதிரே வரும் வண்டிக்கு எச்சரிக்கை. உயிர் காக்கும் ஒலி. ஆகாய கங்கை அருவியின் ஓசையும் பெரிய ஓசைதான். அதைக் கேட்பதற்கென்றே மக்கள் நூற்றுக்கணக்கான படிகள் இறங்கிப் போகின்றனர். ஆனால் அதே ஒலிப்பானை நள்ளிரவில் ஊருக்குள் காரணமின்றி அடித்தால் அது தொல்லையாகிறது.

எனவே ஒலியின் அளவு மட்டும் அதை இரைச்சல் ஆக்குவதில்லை. வேண்டாத இடத்தில், வேண்டாத நேரத்தில், விரும்பாதவர் காதில் விழும் ஒலியே இரைச்சல். "எனக்கு இனிமையாக இருக்கிறதே" என்று விழா வீட்டார் சொல்வதும் உண்மை. "எனக்குத் தொல்லையாக இருக்கிறதே" என்று மாணவி சொல்வதும் உண்மை. இருவர் விருப்பமும் மோதும்போது, நடுவராக இருக்க ஓர் அளவுகோல் வேண்டும். அந்த அளவுகோலே டெசிபல்.

டெசிபல் கணக்கு

ஒலியை அளக்கும் இந்த அலகு, தொலைபேசியைக் கண்டுபிடித்த அலெக்ஸாண்டர் கிரஹாம் பெல்லின் பெயரால் அமைந்தது. நல்ல காதுக்குக் கேட்கக்கூடிய மிக மெல்லிய ஒலியை 0 டெசிபல் என்று வைத்திருக்கிறார்கள். கிசுகிசுப்பு ஏறக்குறைய 30 டெசிபல்; சாதாரணப் பேச்சு 60; வாகனங்கள் நெருங்கி ஓடும் சாலை ஏறக்குறைய 80.

இந்த அளவுகோல் அடிக்கோல் போன்றதன்று. 10 டெசிபல் கூடினால் ஒலிச்செறிவு 10 மடங்கு ஆகிறது. 20 கூடினால் 100 மடங்கு. 30 கூடினால் 1000 மடங்கு. ஒரே மாதிரியான இரண்டு ஒலிபெருக்கிகள் சேர்ந்து ஒலித்தால் 3 டெசிபல் மட்டுமே கூடுகிறது. நம் காதும் ஏறத்தாழ இந்த விதப்படியே உணர்கிறது. 10 டெசிபல் குறைத்தால் ஒலி பாதியாகக் குறைந்தது போலத் தோன்றும்.

இனித் தொலைவைப் பார்ப்போம். ஒரு புள்ளியிலிருந்து புறப்படும் ஒலி விரிந்துகொண்டே போகிறது. தொலைவு இரு மடங்கானால் 6 டெசிபல் குறையும். பத்து மடங்கானால் 20 டெசிபல் குறையும். கூம்பு ஒலிபெருக்கிக்கு 1 மீட்டர் முன்னால் 110 டெசிபல் என்று கொள்வோம். 10 மீட்டரில் அது 90 டெசிபல். 100 மீட்டரில் 70. 1000 மீட்டரில், அதாவது மாணவியின் வீட்டு வாசலில், 50 டெசிபல்.

இது வெறும் கணக்கு. காற்றும் மரங்களும் நிலமும் ஒலியில் ஒரு பகுதியை விழுங்கிவிடும் என்பதை இதில் சேர்க்கவில்லை. ஆனாலும் ஒன்று தெளிவாகிறது. ஒரு கிலோமீட்டர் என்பது ஒலிபெருக்கிக்குப் பெரிய தொலைவே அன்று. மூன்று விநாடியில் ஒலி அதைக் கடந்து விடுகிறது.

இரவில் ஏன் அதிகம் கேட்கிறது?

முதற் காரணம் எளிது. பகலில் காற்று, பறவைகள், வண்டிகள், மக்கள் பேச்சு என்று பல ஒலிகள் கலந்து பாட்டை மூடிவிடுகின்றன. இரவில் இந்தப் பின்னணி ஒலிகள் அடங்கிவிடுகின்றன. சேலம் நகரத் தெருவில் எவரும் கவனிக்காத ஒலி, மலைக் குடியிருப்பில் தூக்கத்தைக் கெடுப்பது இதனால்தான்.

இரண்டாவது காரணம் சுவையானது. ஒலி வெப்பக் காற்றில் வேகமாகவும் குளிர்ந்த காற்றில் மெதுவாகவும் செல்லும். 20 பாகை செல்சியஸில் அதன் வேகம் விநாடிக்கு 343 மீட்டர். ஒவ்வொரு பாகைக்கும் இது ஏறத்தாழ 0.6 மீட்டர் மாறுகிறது.

பள்ளியில் அணிவகுப்புப் பயிற்சி செய்திருப்பீர்கள். வரிசையின் ஒரு முனையில் இருப்பவர்கள் வேகமாகவும் மறுமுனையில் இருப்பவர்கள் மெதுவாகவும் நடந்தால் என்ன ஆகும்? மெதுவாக நடப்பவர்கள் பக்கமாக வரிசை திரும்பிவிடும். ஒலி அலையும் அப்படித்தான் வளைகிறது.

பகலில் வெயிலால் நிலம் சூடாகிறது. நிலத்தை ஒட்டிய காற்று வெப்பமாகவும் மேலுள்ள காற்று குளிர்ச்சியாகவும் இருக்கும். எனவே ஒலி மேல்நோக்கி வளைந்து வானத்துக்குப் போய்விடுகிறது. தெளிந்த, காற்றில்லாத இரவில் இது தலைகீழாகிறது. நிலம் குளிர்கிறது. குளிர்ந்த கனமான காற்று சரிவுகளில் வழிந்து பள்ளத்தாக்கில் தேங்குகிறது. மேலே வெப்பக் காற்று நிற்கிறது. இதற்கு வெப்பத் தலைகீழ் மாற்றம் என்று பெயர். இப்போது ஒலி கீழ்நோக்கி வளைகிறது. வானத்துக்குப் போயிருக்க வேண்டிய ஒலி, பள்ளத்தாக்கின் மறுகரைக்கு வந்து சேர்கிறது.

ஆக, விழா வீட்டார் ஒலியைக் கூட்டாமலேயே இரவில் அது நமக்குக் கூடிவிடுகிறது. "நாங்கள் பகலில் வைத்த அளவுதானே வைத்திருக்கிறோம்?" என்று அவர்கள் கேட்டால், அவர்கள் பொய் சொல்லவில்லை.

காது, தூக்கம், படிப்பு

நம் உள்காதில் நத்தை ஓடு போன்ற சுருள் ஒன்று இருக்கிறது. அதற்குள் நுண்ணிய மயிரணுக்கள் உண்டு. ஒலி அதிர்வை நரம்புச் செய்தியாக மாற்றுபவை இவையே. பேரொலியால் இவை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. 85 டெசிபல் இரைச்சலில் நாளொன்றுக்கு 8 மணி நேரம் வேலை செய்வதே மிகுதி என்று தொழில் நலத்துறையினர் கருதுகின்றனர். அதற்குமேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரத்தைப் பாதியாக்க வேண்டும் என்கிறார்கள். நம் கணக்கில் ஒலிபெருக்கிக்கு 10 மீட்டரில் 90 டெசிபல் இருந்ததே, அங்கே விளையாடும் குழந்தைகள் யார்? விழா வீட்டுக் குழந்தைகள்தாம்! ஒலியைக் குறைத்தால் முதல் நன்மை அவர்களுக்கே.

எதிர்ச்சரிவில் இருப்பவர்களுக்குக் காது கெடாது. ஆனால் தூக்கம் கெடும். உலகச் சுகாதார நிறுவனம் 1999இல் வெளியிட்ட வழிகாட்டி நெறிகளின்படி, நல்ல தூக்கத்துக்குப் படுக்கையறையில் தொடர்ந்து வரும் ஒலி 30 டெசிபலைத் தாண்டக் கூடாது. வகுப்பறைக்கு அது சொன்ன அளவு 35 டெசிபல்.

படிப்பு கெடுமா? இதற்கு நியூயார்க் நகரில் ஒரு சான்று கிடைத்தது. அங்கே ஒரு தொடக்கப் பள்ளியின் பக்கத்திலேயே உயர்த்திக் கட்டிய இருப்புப்பாதை இருந்தது. சில நிமிடங்களுக்கு ஒருமுறை தொடர்வண்டி கடகடவென்று போகும். ஆசிரியர் பேச்சை நிறுத்திக் காத்திருப்பார். ஆர்லைன் பிரான்சாஃப்ட் என்ற உளவியல் அறிஞரும் அவருடன் பணியாற்றிய டெனிஸ் மெக்கார்த்தியும் அப்பள்ளி மாணவரின் வாசிப்புத் திறனை ஆராய்ந்து 1975இல் முடிவை வெளியிட்டனர். இருப்புப்பாதையின் பக்கம் இருந்த வகுப்புகளின் மாணவர்கள், அமைதியான பக்கத்து மாணவர்களைவிடப் பின்தங்கியிருந்தனர். ஆறாம் வகுப்பில் இந்த இடைவெளி ஏறக்குறைய ஓராண்டுப் படிப்பு அளவுக்கு இருந்தது.

அதன் பின் தண்டவாளத்தின் அடியில் ரப்பர்ப் பட்டைகள் வைக்கப்பட்டன. வகுப்பறைக் கூரைகளில் ஒலியை உறிஞ்சும் பலகைகள் பொருத்தப்பட்டன. 1981இல் வெளிவந்த மறு ஆய்வில் இரு பக்கத்து மாணவர்களும் சமமாக வாசித்தனர். தொடர்வண்டியும் ஓடிற்று, பள்ளியும் நடந்தது. அண்டை வீட்டாரை விரட்டாமலே இரைச்சலை விரட்டலாம் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

மாதவரம் வழக்கு

நம் மாநிலத்திலேயே நடந்த ஒரு நிகழ்ச்சியைப் பார்ப்போம். சென்னையில் மாதவரம் நெடுஞ்சாலைப் பகுதியில், கே.கே.ஆர். மெஜஸ்டிக் குடியிருப்பு நலச் சங்கத்தார், அருகிலிருந்த ஒரு வழிபாட்டுக் கூடத்தின் ஒலிபெருக்கி, மேள ஒலிகளைப் பற்றி 1996இல் முறையிட்டனர். தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஒலியை அளந்தது. அளவீட்டில் ஒரு புதுச் செய்தி வெளிப்பட்டது. அப்பகுதியின் இரைச்சலுக்கு நெடுஞ்சாலையில் ஓடும் வாகனங்களும் காரணம்!

1999இல் சென்னை உயர்நீதிமன்றம், ஒலிபெருக்கியின் அளவைக் குறைக்க வேண்டும், இரைச்சலிடும் வாகனங்கள் மீதும் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று இரண்டையும் சேர்த்துக் கட்டளையிட்டது. மேல்முறையீட்டை 2000 ஆகஸ்டு 30 அன்று உச்சநீதிமன்றம் தள்ளுபடி செய்தது. பிறர் அமைதியைக் குலைத்து வழிபட வேண்டுமென்று எந்தச் சமயமும் சொல்லவில்லை என்பது அத்தீர்ப்பின் கருத்து. இது எல்லாச் சமயத்தார்க்கும், எல்லா விழாக்களுக்கும் பொருந்தும்.

இதில் மாணவர்களுக்கு ஒரு பாடம் இருக்கிறது. காதால் கேட்டு "இவர்தான் காரணம்" என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அளந்து பார்த்தால் பழியில் யாருக்கு எவ்வளவு பங்கு என்பது தெரியும்.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியாவில் ஒலி மாசு ஒழுங்குமுறை விதிகள் 2000ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் உள்ளன. காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை பகல். இரவு 10 முதல் காலை 6 வரை இரவு. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபலும் இரவில் 45 டெசிபலும் எல்லை. மருத்துவமனை, கல்வி நிலையம், நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் வரை அமைதிப் பகுதி ஆகலாம். அங்கே பகலில் 50, இரவில் 40.

ஒலிபெருக்கி வைக்க எழுத்து மூலமான அனுமதி தேவை. இரவு 10 மணிக்கு மேல் திறந்த வெளியில் வைக்கக் கூடாது. பண்பாட்டு, சமய விழாக்களுக்காக மாநில அரசு முன்கூட்டியே குறிப்பிடும் நாட்களில் மட்டும் நள்ளிரவு 12 மணி வரை தளர்த்தலாம். அந்த நாட்களும் ஆண்டுக்கு 15ஐத் தாண்டக் கூடாது.

நம் மாணவியின் வாசலில் கணக்குப்படி 50 டெசிபல் வந்ததல்லவா? இரவு எல்லையான 45ஐ அது தாண்டிவிட்டது. மணியும் பத்தைத் தாண்டிவிட்டது.

மூன்று இடங்களில் தடுக்கலாம்

ஒலி பிறக்கும் இடம், வரும் வழி, சேரும் இடம் என்று மூன்று இடங்களில் இரைச்சலைத் தடுக்கலாம். இவற்றுள் பிறக்கும் இடத்தில் தடுப்பதே மிக எளிது, செலவும் குறைவு.

ஒரு பெரிய கூம்புக்குப் பதிலாக, நான்கு சிறிய பெட்டி ஒலிபெருக்கிகளை விருந்தினர் அருகிலேயே வைப்பதாகக் கொள்வோம். ஒவ்வொன்றும் 1 மீட்டரில் 80 டெசிபல் தரட்டும். 10 மீட்டரில் உட்கார்ந்திருப்பவருக்கு அது 60 டெசிபல், பேச்சு அளவு; நன்றாகக் கேட்கும். நான்கும் சேர்ந்தாலும் 6 டெசிபலே கூடும். எனவே ஒரு கிலோமீட்டர் தள்ளி 26 டெசிபல்தான் போய்ச் சேரும். விழாவும் நடக்கும், மாணவியும் படிப்பாள், பாட்டியும் உறங்குவாள். கூம்பை மரத்திலிருந்து இறக்கி, வாயைப் பள்ளத்தாக்குப் பக்கம் இல்லாமல் மலைப் பக்கம் திருப்பினாலே பாதித் தொல்லை போய்விடும்.

நகரத்து அடுக்குவீடுகளில் அண்டை வீடு ஒரு சுவருக்கு அப்பால்தான். அங்கே விடியற்காலையில் ஓடும் கிரைண்டர், மிக்ஸி, தண்ணீர் மோட்டார் ஆகியவை சுவரையும் தளத்தையும் அதிரச் செய்கின்றன. இவற்றின் அடியில் தடித்த ரப்பர் விரிப்பு போட்டால் அதிர்வு தளத்தில் இறங்காது. நாற்காலிக் கால்களுக்கு ரப்பர் உறை மாட்டினால் கீழ்வீட்டார் உங்களை வாழ்த்துவார்கள்.

வரும் வழியில் தடுப்பது சற்றுக் கடினம். "இரண்டு மரம் நட்டால் போதும்" என்று பலர் நினைக்கிறார்கள். ஒற்றை வரிசை மரத்துக்குள் ஒலி எளிதில் புகுந்து வந்துவிடும். அடர்த்தியான தோப்பு முப்பது மீட்டர் அகலத்துக்கு இருந்தாலும் 5 டெசிபல் அளவுக்கே குறையும். கனமான சுவர் நன்றாகத் தடுக்கும். ஆனால் சுவரின் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறப்பு இருந்தால், எவ்வளவு கனமான சுவரும் 20 டெசிபலுக்கு மேல் குறைக்க முடியாது. ஆகவே கதவின் அடி இடைவெளியையும் ஓட்டுக்கூரைச் சந்தையும் அடைப்பதுதான் முதல் வேலை.

மேள ஒலி போன்ற கனத்த ஓசைகள் மட்டும் எதையும் மீறி வரும். 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 3.4 மீட்டர். அது சிறு தடைகளைச் சுற்றி வளைந்து வந்துவிடுகிறது.

பேசுவது எப்படி?

முதலில் ஒரு வாரம் குறிப்பு எழுதுங்கள்: எந்த நாள், எந்த நேரம், எவ்வளவு நேரம், என்ன ஒலி. கைபேசியிலுள்ள ஒலிமானிச் செயலிகள் துல்லியமானவை அல்ல. எனினும் "பகலைவிட இரவில் எவ்வளவு கூடுகிறது" என்று ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.

பிறகு பெற்றோருடன் போய்ப் பேசுங்கள். ஒலித்துக்கொண்டிருக்கும் நேரத்தில், கோபத்தோடு போக வேண்டாம். மறுநாள் பகலில் போங்கள். "உங்கள் வீட்டுச் சத்தம் தாங்கவில்லை" என்று தொடங்கினால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். "பாப்பாவுக்குத் தேர்வு இருக்கிறது, மாமா. பத்து மணிக்குமேல் மட்டும் நிறுத்திக்கொள்ளுங்கள். கூம்பைக் கொஞ்சம் மலைப் பக்கம் திருப்பி வையுங்கள்" என்று செய்யக்கூடிய ஒன்றைக் கேளுங்கள். கேட்கவில்லையென்றால் ஊர்ப் பெரியவர், ஊராட்சித் தலைவர், தலைமையாசிரியர் வழியாகப் பேசலாம். அதற்கும் பயனில்லை என்றால் பெற்றோர் காவல்துறைக்கோ மாவட்ட ஆட்சியருக்கோ எழுத்தில் புகார் கொடுக்கலாம். அப்போது உங்கள் குறிப்பேடு சான்றாகத் துணை நிற்கும்.

மனமொத்து எடுக்கும் முடிவுக்கு எவ்வளவு வலிமை உண்டு என்பதைச் சிவகங்கை மாவட்டத்துக் கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் காட்டியிருக்கிறார்கள். அவ்வூரை ஒட்டி வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம் இருக்கிறது. கண்மாய் மரங்களில் கூடுகட்டும் பறவைகள் மிரளக் கூடாதென்று அவ்வூரார் பல ஆண்டுகளாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. வாய் பேசாத அண்டை வீட்டாருக்காக அவர்கள் விட்டுக்கொடுத்தார்கள். வாய் பேசும் அண்டை வீட்டாருக்காக நாம் விட்டுக்கொடுக்க முடியாதா?

செய்து பாருங்கள்

ஒரு கைபேசியில் அலாரம் ஒலிக்கச் செய்து மேசைமேல் வையுங்கள். பிறகு அதன்கீழ் நான்காய் மடித்த துணியை வையுங்கள். ஒலி மாறுகிறதா? அடுத்து அதை அட்டைப் பெட்டியில் வைத்து மூடுங்கள். பெட்டியில் பென்சில் பருமனுக்கு ஒரு துளை இடுங்கள். கடைசியாகத் துளையை அடைத்து, பெட்டிக்குள் துண்டுத் துணியைச் சுற்றுங்கள். ஒவ்வொரு முறையும் அறையில் எத்தனை அடி தள்ளிப் போனால் ஒலி கேட்காமல் போகிறது என்று அளந்து எழுதுங்கள். ஒலி பிறக்கும் இடம், வழி, திறப்பு ஆகிய மூன்றையும் இந்த ஒரு சோதனையில் கண்டுகொள்வீர்கள்.

இன்னொரு சோதனையும் உண்டு. உங்கள் வீட்டு வானொலியையோ தொலைக்காட்சியையோ வழக்கமான அளவில் வைத்துவிட்டு, இரவு ஒன்பது மணிக்குத் தெருவில் இறங்கி நடந்து பாருங்கள். எத்தனை வீட்டு வாசல் வரை அது கேட்கிறது? எதிர்மலை ஒலிபெருக்கியைப் பற்றிப் பேசப் போகுமுன் இந்தச் சோதனையைச் செய்துவிடுவது நல்லது.